ஓடி முடித்த பிறகுதான் மூச்சு இளைக்கிறதா?

நெடுந்தூர ஓட்டம், சைக்கிள், நீச்சல் என்று இறங்கியிருக்கும் ஆஸ்துமாக்காரர்களிடமிருந்து வந்த கேள்விகள் இவை. நுரையீரல் மருத்துவர் ஒருவரும் ஓட்டப் பயிற்சியாளர் ஒருவரும் சேர்ந்து பதில் சொல்கிறார்கள். மருந்தையோ அளவையோ மாற்றுவதற்கு முன் உங்களை வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடம் பேசிவிடுங்கள்.

கேள்வி: டாக்டர், எனக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங் உண்டு. இப்போது வாரத்தில் நான்கு நாள் ஓடுகிறேன். ஓடும்போது ஒன்றும் தெரிவதில்லை. நின்று ஐந்து நிமிடம் ஆனதும் இருமல் பிடித்துக்கொள்கிறது, நெஞ்சைக் கயிறு போட்டு இறுக்குவதுபோல் இருக்கிறது. முக்கால் மணி நேரத்தில் தானாகவே விட்டுவிடுகிறது. "ஸ்டாமினா பத்தலை, இன்னும் ஓடு" என்கிறான் நண்பன். "ஓட்டமே வேண்டாம், விட்டுடு" என்கிறார் அம்மா. யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இரண்டு பேர் சொல்வதையும் கேட்க வேண்டாம். ஸ்டாமினா போதாமல் வரும் மூச்சுவாங்கல் ஓடும்போதே உச்சத்தில் இருக்கும். நின்றதும் இறங்க ஆரம்பித்து, இரண்டு மூன்று நிமிடத்தில் பேச்சு வந்துவிடும். உங்களுக்கு நடப்பது நேர்மாறு. நின்ற பிறகு ஏறுகிறது, ஐந்து முதல் பதினைந்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போகிறது, அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் அடங்குகிறது. உடற்பயிற்சியால் மூச்சுக்குழல் சுருங்குவதற்கு அச்சு அசலான அடையாளம் இதுதான்.

ஏன் இப்படி? சும்மா உட்கார்ந்திருக்கும்போது நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் காற்று உள்ளே போய் வருகிறது. வேகமாக ஓடினால் அது 100 லிட்டரைத் தாண்டும். அவ்வளவு காற்றையும் சூடாக்கி ஈரப்படுத்தி அனுப்ப மூக்கால் முடியாது. வாய் திறந்துகொள்கிறது, வறண்ட காற்று நேரே நெஞ்சுக்குள் இறங்குகிறது. மூச்சுக்குழலின் உள்சுவரில் மெல்லிய நீர்ப்படலம் ஒன்று இருக்கிறது. அது ஆவியாக ஆவியாக, மிஞ்சிய நீரில் உப்பு அடர்த்தியாகிறது. ஏற்கெனவே அழற்சியோடு இருக்கும் குழலில், ஒவ்வாமையைக் கிளப்பும் மாஸ்ட் செல்கள் எக்கச்சக்கம். உப்பு ஏறியதும் அவை ஹிஸ்டமின், லூகோட்ரையீன் போன்ற, தசையை இறுக்கும் ரசாயனங்களைக் கொட்டிவிடுகின்றன. குழலைச் சுற்றியிருக்கும் தசை இறுகிக்கொள்கிறது. ஓடிக்கொண்டிருக்கும்வரை ஆழமாக இழுத்து விடும் மூச்சே குழலை ஓரளவு விரித்து வைத்திருக்கும். நின்றால் அந்தப் பிடிமானம் போய்விடும். அதனால்தான் ஓடும்போது தெரியாதது உட்கார்ந்ததும் தெரிகிறது.

இதை உறுதிசெய்ய, உட்கார்ந்த இடத்தில் ஊதிப் பார்க்கும் சாதாரண ஸ்பைரோமெட்ரி போதாது. அதில் எல்லாம் சரியாகவே இருக்கலாம். உடற்பயிற்சியோடு சேர்ந்த பரிசோதனை வேண்டும் என்று கேளுங்கள். டிரெட்மில்லில் 6 முதல் 8 நிமிடம், உங்கள் அதிகபட்ச இதயத்துடிப்பில் 80 முதல் 90 சதவீதத்தில் ஓட விடுவார்கள். ஓடுவதற்கு முன்பு ஒருமுறை, நின்ற பிறகு 5, 10, 15, 30ஆவது நிமிடங்களில் மீண்டும் ஊத வேண்டும். முதல் ஒரு நொடியில் வெளியேறும் காற்றின் அளவு 10 சதவீதமோ அதற்கு மேலோ குறைந்தால் விஷயம் உறுதி. இந்தப் பரிசோதனை பொய்யாக 'நார்மல்' என்று வருவதும் உண்டு. மெதுவாக ஆரம்பித்துக் கால் மணி நேரம் கழித்து வேகத்துக்கு வந்தாலோ, அன்று காலையிலேயே ஓடிவிட்டுப் போனாலோ, காபி குடித்திருந்தாலோ, இன்ஹேலர் எடுத்திருந்தாலோ நோய் ஒளிந்துகொள்ளும். எந்த மருந்தை எத்தனை மணி நேரம் முன்பு நிறுத்த வேண்டும் என்று பரிசோதனைக் கூடத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

அம்மாவிடம் ஒன்று சொல்லலாம். 2003இல் லண்டன் மாரத்தானை 2 மணி 15 நிமிடம் 25 நொடியில் ஓடி உலக சாதனை படைத்த பாலா ராட்கிளிஃபுக்கும் ஆஸ்துமா உண்டு.

கேள்வி: ஒவ்வொரு ஓட்டத்துக்கும் கால் மணி நேரம் முன்பு நீல இன்ஹேலரில் இரண்டு பஃப் எடுக்கிறேன். வாரம் ஆறு நாள் ஓடுகிறேன். முதல் மாதம் அருமையாக இருந்தது. இப்போது பாதி ஓட்டத்திலேயே இறுக்கம் வருகிறது. மூன்று பஃப் ஆக்கலாமா?

பதில்: ஆக்காதீர்கள். பஃப் எண்ணிக்கை பற்றாமல் இது வரவில்லை.

நீல இன்ஹேலரில் இருக்கும் சால்பியூட்டமால் இறுகிய தசையைத் தளர்த்தும்; அவ்வளவுதான். குழலின் உட்சுவரில் இருக்கும் வீக்கத்தையும் அழற்சியையும் அது தொடுவதே இல்லை. தினமும் எடுத்துக்கொண்டே இருந்தால், அந்த மருந்து போய் ஒட்டும் ஏற்பிகள் மரத்துப்போகும். நான்கு மணி நேரம் தந்த பாதுகாப்பு சுருங்கும். வந்த இறுக்கம் இறங்கவும் அதிக நேரம் ஆகும். நீங்கள் பார்ப்பது அதைத்தான். உலகெங்கும் மருத்துவர்கள் பின்பற்றும் ஜினா வழிகாட்டி, பெரியவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் நீல இன்ஹேலரை மட்டும் தனி மருந்தாகத் தருவதை 2019இலேயே கைவிட்டுவிட்டது.

கடந்த நான்கு வாரத்தை நினைத்துப் பாருங்கள். பகலில் வாரத்துக்கு இரண்டு முறைக்கு மேல் இளைப்போ இருமலோ வந்ததா? இரவில் ஒருமுறையாவது ஆஸ்துமாவால் விழித்தீர்களா? ஓட்டத்துக்கு முன் எடுப்பதைக் கணக்கில் சேர்க்காமல், வாரத்துக்கு இரண்டு முறைக்கு மேல் நீல இன்ஹேலர் தேவைப்பட்டதா? ஆஸ்துமாவால் எதையாவது செய்யாமல் விட்டீர்களா? ஒன்றுக்கு 'ஆம்' என்றாலே நோய் முழுக் கட்டுப்பாட்டில் இல்லை. மூன்று நான்குக்கு 'ஆம்' என்றால் பயிற்சி அட்டவணையை எடுத்து வைத்துவிட்டு, முதலில் மருத்துவரிடம் போக வேண்டும்.

அவர் அநேகமாக ஸ்டீராய்டு இன்ஹேலர் தருவார், அல்லது ஸ்டீராய்டும், குழலை விரிக்கும் ஃபார்மோட்டெராலும் சேர்ந்த இன்ஹேலர் தருவார். இந்தக் கூட்டு இன்ஹேலரில் ஒரு வசதி: ஃபார்மோட்டெரால் சில நிமிடத்தில் வேலை செய்யும் என்பதால், மருத்துவர் அப்படி எழுதிக்கொடுத்தால், ஓட்டத்துக்கு முன்பும் இளைக்கும்போதும் அதையே எடுக்கலாம். ஒவ்வொரு பஃப்போடும் அழற்சிக்கான மருந்தும் உள்ளே போகிறது. சால்மெட்டெரால் சேர்ந்த இன்ஹேலரை அப்படிப் பயன்படுத்த முடியாது. அது வேலையைத் தொடங்கவே நேரம் எடுக்கும்.

'ஸ்டீராய்டா!' என்று பதறுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. புடெசொனைடு இன்ஹேலரில் குறைந்த அளவு என்பது நாளுக்கு 200 முதல் 400 மைக்ரோகிராம். ஆஸ்துமா முற்றி மாத்திரைக்குப் போனால் பிரெட்னிசோலோன் நாளுக்கு 40 மில்லிகிராம், அதாவது 40,000 மைக்ரோகிராம், கொடுக்க வேண்டி வரலாம். இரண்டு மருந்தின் வீரியமும் ஒன்றல்லதான். ஆனாலும் இன்ஹேலரைத் தள்ளிப்போடுகிறவர் எதை நோக்கி நடக்கிறார் என்பது புரியும். எடுத்த பிறகு வாய் கொப்பளித்துத் துப்புங்கள், இல்லாவிட்டால் வாயில் வெள்ளைப் பூஞ்சை படியும்.

முழுப் பலன் தெரிய நான்கு வாரமாவது ஆகும். பந்தயத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது ஆரம்பித்துவிட்டு 'ஒன்றும் வித்தியாசமில்லை' என்று நிறுத்துவதுதான் எங்களிடம் அதிகம் வரும் தவறு.

கேள்வி: வார்ம்-அப் செய்தால் மருந்தே வேண்டாம் என்கிறார்கள். உண்மையா? எப்படிச் செய்வது?

பதில்: மருந்து வேண்டாம் என்பது சரியல்ல, வார்ம்-அப் உதவும் என்பது சரி. ஒருமுறை மூச்சுக்குழல் லேசாகச் சுருங்கி விரிந்துவிட்டால், அடுத்த ஒன்றிரண்டு மணி நேரம் அதே அளவு உழைப்புக்கு முன்போல் சுருங்காது. எல்லோருக்கும் இல்லை, சுமார் பாதிப் பேருக்கு. வார்ம்-அப் என்ற பெயரில் நாம் அந்த இடைவெளியைத்தான் சம்பாதிக்கிறோம்.

இன்ஹேலர் எழுதிக்கொடுத்திருந்தால் முதலில் அது. பத்துப் பதினைந்து நிமிடம் கழித்துப் பத்து நிமிட மெதுவோட்டம். பிறகு 30 நொடி வேகமாக ஓடி, 45 நொடி நடந்து, இப்படி ஆறு முதல் எட்டு முறை. 'வேகமாக' என்றால் இரண்டு வார்த்தைக்கு மேல் பேச முடியாத வேகம். உயிரைக் கொடுத்து ஓட வேண்டாம். அதன்பின் ஐந்து நிமிடம் நடந்துவிட்டுத் தொடக்கக் கோட்டுக்குப் போகலாம். கை காலை நீட்டி மடக்குவது மூச்சுக்குழலுக்கு வார்ம்-அப் ஆகாது. காற்று வேகமாகப் போய் வந்தால்தான் அது எழும். ஏற்கெனவே நெஞ்சில் விசில் சத்தம் இருந்தால் இதை ஆரம்பிக்கவே கூடாது.

முடிக்கும்போதும் பட்டென்று நிற்காமல் பத்து நிமிடம் வேகத்தைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். குளிர்ந்த, வறண்ட காற்றில் ஓடுகிறவர்கள் வாயையும் மூக்கையும் மெல்லிய துணியால் மூடிக்கொண்டால், வெளிவிடும் மூச்சின் ஈரமே அடுத்த மூச்சை நனைத்து அனுப்பும்.

கேள்வி: மூக்கால் மட்டும் மூச்சு விட்டு ஓடினால் ஆஸ்துமா வராதாமே?

பதில்: மெதுவோட்டத்தில் நல்ல பழக்கம்தான். நிமிடத்துக்கு 35, 40 லிட்டரைத் தாண்டினால் பெரும்பாலோருக்கு வாய் தானாகத் திறந்துவிடும். பந்தய வேகத்தில் வாயை மூடிக்கொண்டு ஓடப் பார்த்தால் மூச்சு முட்டுவதுதான் மிச்சம்.

கேள்வி: என் மகளுக்கு 15 வயது, 1500 மீட்டர் ஓடுகிறாள். கடைசிச் சுற்றில் தொண்டையில் 'கீ' என்று ஒரு சத்தம், மூச்சு உள்ளே போகவே மாட்டேன் என்கிறது என்கிறாள். நின்றால் மூன்று நிமிடத்தில் சரியாகிவிடுகிறாள். ஆஸ்துமா என்று இன்ஹேலர் தந்திருக்கிறார்கள். ஒரு வருடமாக எடுக்கிறாள், கொஞ்சமும் பயனில்லை.

பதில்: நீங்கள் எழுதியதில் மூன்று விஷயங்கள் ஆஸ்துமாவோடு ஒட்டவில்லை. சத்தம் மூச்சை இழுக்கும்போது வருகிறது. ஆஸ்துமாவின் விசில் பெரும்பாலும் விடும்போது வரும். இறுக்கம் தொண்டையில், நெஞ்சில் இல்லை. உழைப்பின் உச்சத்தில் வந்து, நின்றதும் போய்விடுகிறது. இதெல்லாம் குரல்வளை குறுகுவதைச் சுட்டுகிறது. வேகமாக மூச்சிழுக்கும்போது விரிய வேண்டிய குரல்நாண்களோ அதற்கு மேலிருக்கும் மடிப்புகளோ உள்வாங்கி வழியை அடைத்துக்கொள்கின்றன. வளரும் பருவத்துப் பெண் பிள்ளைகளிடம், அதிலும் போட்டியில் ஓடுகிறவர்களிடம், இது அடிக்கடி ஆஸ்துமா என்று தவறாக எடுத்துக்கொள்ளப்படுகிறது.

அடுத்த முறை வரும்போது செல்போனில் கழுத்தும் முகமும் தெரிய, சத்தத்தோடு வீடியோ எடுங்கள். மருத்துவருக்கு அந்த இருபது நொடி, பத்து நிமிட விளக்கத்தைவிடப் பயன்படும். ஓடிக்கொண்டிருக்கும்போதே மூக்கு வழியாக மெல்லிய கேமரா குழாயை விட்டுக் குரல்வளையைப் பார்ப்பதுதான் உறுதியான பரிசோதனை. சிகிச்சை பெரும்பாலும் ஸ்பீச் தெரபிஸ்டிடம்: நாக்கைத் தளர்த்தி வைப்பது, தோளைத் தூக்காமல் வயிறு எழ இழுப்பது, உதட்டைக் குவித்து விடுவது. இதை அமைதியாக இருக்கும்போது பழகி, பிறகு மெதுவோட்டத்தில், அதன்பின் வேகத்தில் கொண்டுவர வேண்டும். இன்ஹேலரை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். இரண்டும் சேர்ந்தே இருக்கிறவர்களும் உண்டு.

கேள்வி: நீச்சல்தான் ஆஸ்துமாவுக்கு நல்லது என்று சேர்த்துவிட்டார்கள். எனக்கோ உள்ளரங்கக் குளத்தில் இறங்கினால் இருமல்.

பதில்: நீர்மட்டத்துக்கு மேலே இருக்கும் காற்று ஈரமாக இருப்பதால் நீச்சல் பலருக்கும் ஒத்துப்போகிறது. ஆனால் குளோரின், வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து குளோரமைன் ஆகிறது. மூடிய அரங்கில் அது நீரை ஒட்டியே தங்கும், நீங்கள் மூச்சிழுப்பதும் அங்கேதான். கண்ணை எரிக்கும் 'குளோரின் வாசனை' அடித்தால் சுத்தமான குளம் என்று பொருளில்லை; குளோரமைன் மண்டிக் கிடக்கிறது, காற்றோட்டம் போதவில்லை என்று பொருள். திறந்தவெளிக் குளத்தில் ஒரு மாதம் முயன்று பாருங்கள். திறந்த நீரில் நெடுந்தூரம் நீந்துகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: நீந்தும்போதே மூச்சுத் திணறி, இருமினால் இளஞ்சிவப்பு நுரை வந்தால் அது ஆஸ்துமா அல்ல, நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வது. உடனே நீரைவிட்டு வெளியேறி மருத்துவ உதவி தேட வேண்டும்.

கேள்வி: இன்ஹேலர் அடித்தால் மருந்து நாக்கிலும் தொண்டையிலுமே கசக்கிறது. உள்ளே போகிற மாதிரியே இல்லை. நீண்ட ஓட்டத்தில் எப்படி எடுத்துப்போவது என்றும் சொல்லுங்கள்.

பதில்: கசக்கிறது என்றால் உங்கள் சந்தேகம் நியாயமானதே. அழுத்துவதும் இழுப்பதும் ஒன்றுசேரவில்லை. நன்றாகக் குலுக்குங்கள். மூச்சை முழுக்க வெளியே விடுங்கள். வாயில் வைத்து உதட்டை இறுக்கி, முதலில் மெதுவாக இழுக்க ஆரம்பித்து, ஆரம்பித்த கணத்தில் ஒருமுறை அழுத்துங்கள். மூன்று முதல் ஐந்து நொடி இழுத்துக்கொண்டே போங்கள். பத்து நொடி அடக்குங்கள். அடுத்த பஃப்புக்கு அரை நிமிடமாவது இடைவெளி விட்டு மறுபடி குலுக்குங்கள். வேகமாக உறிஞ்சுவதுதான் இதில் பெரும் தவறு. மருந்து தொண்டைச் சுவரில் மோதி அங்கேயே நின்றுவிடும். கை ஒத்துழைக்கவில்லை என்றால், இன்ஹேலருக்கும் வாய்க்கும் நடுவே பொருத்தும் பிளாஸ்டிக் குடுவையான ஸ்பேசர் போடுங்கள். பவுடர் இன்ஹேலருக்கு முறை தலைகீழ்: பலமாக, வேகமாக இழுக்க வேண்டும், குலுக்கக் கூடாது, அதற்குள் ஊதவும் கூடாது.

ஓட்டத்தில் பவுடர் இன்ஹேலரை வியர்வை ஊறும் பையில் வைத்தால் ஈரம் பட்டுப் பவுடர் கட்டிபிடிக்கும். கேப்ஸ்யூல் போடும் வகையென்றால், போடும் நேரம் வரை அட்டையிலிருந்து பிரிக்காதீர்கள். அழுத்தும் வகையை இடுப்புப் பட்டைக்குள், ஜிப் போட்ட சிறு உறையில், மூடியோடு வையுங்கள். மூடியில்லாமல் வைத்து, துளைக்குள் பஞ்சும் நாணயமும் போய், அவசரத்தில் அவை தொண்டைக்குள் பாய்ந்த சம்பவங்கள் உண்டு. வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவைக்காதீர்கள். பல நாள் தொடாமல் இருந்தால் ஓட்டத்துக்கு முன் ஒன்றிரண்டு பஃப்பைக் காற்றில் அடித்துப் பாருங்கள். தண்ணீரில் மிதக்கவிட்டு மருந்து மிச்சமா என்று பார்க்கும் பழைய வித்தை வேண்டாம். மருந்து தீர்ந்த பிறகும் வாயு மிஞ்சியிருக்கும், 'புஸ்' என்ற சத்தமும் வரும். எண் காட்டும் கவுன்டர் உள்ளதையே வாங்குங்கள்.

கேள்வி: மாரத்தான் காலையில் முழங்கால் வலிக்காமல் இருக்க முன்கூட்டியே வலி மாத்திரை போட்டுக்கொள்ளலாமா?

பதில்: ஆஸ்துமா உள்ள பெரியவர்களில் ஒரு சிறு பகுதியினருக்கு ஆஸ்பிரின், ஐபுப்ரொஃபென், டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகள் ஒன்றிரண்டு மணி நேரத்தில் கடும் இளைப்பைக் கிளப்பிவிடும். மூக்கில் சதை வளர்ச்சி, வாசனை தெரியாமை, ஓயாத மூக்கடைப்பு இருந்தால் அந்தச் சந்தேகம் இன்னும் வலுக்கும். இதுவரை போட்டதே இல்லை என்றால், அதைச் சோதிக்கும் நாள் மாரத்தான் நாளாக இருக்க வேண்டாம். ஆஸ்துமா இல்லாதவர்களுக்கும் நீர் வற்றிய உடலில் இவை சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும்.

கேள்வி: மாநில அளவில் சைக்கிள் ஓட்டுகிறேன். இன்ஹேலர் ஊக்கமருந்தில் சேருமா?

பதில்: அளவுக்குள் இருந்தால் சேராது. உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான வாடாவின் பட்டியலில், இன்ஹேலர் மூலம் எடுக்கும் சால்பியூட்டமால் 24 மணி நேரத்தில் 1600 மைக்ரோகிராம் வரை, ஆனால் எந்த 8 மணி நேரத்திலும் 600ஐத் தாண்டாமல். ஒரு பஃப் 100 மைக்ரோகிராம் என்றால் எட்டு மணிக்கு ஆறு பஃப். ஃபார்மோட்டெரால் உள்ளே சேரும் அளவு நாளுக்கு 54, சால்மெட்டெரால் 200 மைக்ரோகிராம். இன்ஹேலர் ஸ்டீராய்டுக்கும், ஆஸ்துமாவுக்குத் தரும் மாண்டெலுகாஸ்ட் மாத்திரைக்கும் தடையில்லை.

மாட்டிக்கொள்வது வேறு இடங்களில். சால்பியூட்டமாலை மாத்திரையாகவோ சிரப்பாகவோ எடுத்தால் தடை. இருமல் சிரப்புகளில் அதே வகை மருந்தான டெர்பியூட்டலின் ஒளிந்திருக்கும். அதற்கு முன்கூட்டியே அனுமதி வாங்காவிட்டால் மீறல்தான். பிரெட்னிசோலோன் மாத்திரை போட்டிக் காலத்தில் தடை. ரத்த அழுத்தத்துக்காகச் சிறுநீர் பிரிக்கும் மாத்திரையும் சேர்ந்தால், வரம்புக்குள் எடுத்த சால்பியூட்டமாலுக்கே மருத்துவ விலக்குச் சான்று கேட்பார்கள். பட்டியல் ஒவ்வொரு ஜனவரி 1ஆம் தேதியும் மாறும். பழைய அச்சுப் பிரதியை நம்ப வேண்டாம். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் ஃப்ரீஸ்டைல் நீச்சலில் முதலாவதாக வந்த ரிக் டிமான்ட், தன் ஆஸ்துமா மருந்தைப் படிவத்தில் எழுதிக் கொடுத்திருந்தும், அதிலிருந்த எஃபெட்ரினால் தங்கத்தை இழந்தார். அப்போது அவருக்கு 16 வயது. மருந்துச் சீட்டு, பரிசோதனை முடிவு இரண்டின் நகலும் கையில் இருக்கட்டும். உண்மையிலேயே அட்டாக் வந்தால் மைக்ரோகிராம் எண்ணிக்கொண்டிருக்காதீர்கள். அவசரத்தில் எடுத்ததற்குப் பிறகு விண்ணப்பித்தும் விலக்குப் பெற வழி உண்டு.

கேள்வி: இரண்டு வாரத்தில் அரை மாரத்தான். இப்போதுதான் சளியும் காய்ச்சலும் விட்டது. ஓடலாமா? நடுவழியில் வந்தால் என்ன செய்வது?

பதில்: காய்ச்சல் போனாலும், வைரஸ் தொற்றுக்குப் பின் மூச்சுக்குழல் சில வாரம், சிலருக்கு ஆறு வாரம் வரைகூட, எதற்கெடுத்தாலும் சுருங்கும் நிலையில் இருக்கும். உங்கள் உணர்வைவிட, ஊதும் வேகத்தை எண்ணாகக் காட்டும் சிறு கருவியான பீக் ஃப்ளோ மீட்டரை நம்புங்கள். நன்றாக இருக்கும் காலத்தில் இரண்டு வாரம், காலையும் மாலையும் மூன்று முறை ஊதி, அதில் கிடைத்த மிக உயர்ந்த எண்தான் உங்கள் சொந்த உச்சம். அதில் 80 சதவீதத்துக்கு மேல் தொடர்ந்து இருந்தால் மெதுவோட்டம் தொடங்கலாம். 50க்கும் 80க்கும் நடுவே என்றால் ஓட வேண்டாம், மருத்துவர் தந்த திட்டப்படி மருந்து. 50க்குக் கீழே என்றால் மருத்துவமனை. பந்தயக் காலையில் 80க்குக் கீழே இருந்தால் தொடக்கக் கோட்டுக்குப் போகாதீர்கள்.

நடுவழியில் வந்தால் 'அடுத்த தண்ணீர் மேசை வரை போய்விடலாம்' என்று கணக்குப் போடாதீர்கள். ஓரமாக ஒதுங்கி நிமிர்ந்து உட்காருங்கள், படுக்க வேண்டாம். நீல இன்ஹேலரில் ஒவ்வொன்றாக, அரை நிமிடம் முதல் ஒரு நிமிட இடைவெளியில், பத்து பஃப் வரை. அதற்குள் தணியவில்லை என்றாலோ, ஒரு முழு வாக்கியம் பேச முடியவில்லை என்றாலோ, உதடு நீலம் பாரித்தாலோ ஆம்புலன்ஸ். விசில் சத்தம் நின்றும் திணறல் நிற்கவில்லை என்றால் குணமாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். காற்றே போகவில்லை என்று அர்த்தம். மார்பில் குத்தும் எண் அட்டையின் பின்புறம் 'ஆஸ்துமா', மருந்தின் பெயர், இன்ஹேலர் எந்தப் பையில், யாரை அழைப்பது என்று அழியாத பேனாவால் எழுதிவையுங்கள். தணிந்துவிட்டாலும் அன்றைய ஓட்டம் அங்கேயே முடிந்தது.

கேள்வி: ஸ்பேசரைக் கழுவலாமா?

பதில்: மாதம் ஒருமுறை கழுவுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் துலக்கும் சோப்புத் திரவம் இரண்டு சொட்டு விட்டு அலசி, துடைக்காமல் அப்படியே காய வையுங்கள். துணியால் துடைத்தால் பிளாஸ்டிக்கில் நிலைமின்சாரம் ஏறி, மருந்து உங்களிடம் வராமல் சுவரில் போய் ஒட்டிக்கொள்ளும்.